வளைந்து கொடுக்கும் ஐஸ் பை: வீட்டிலேயே செய்து வைத்துக்கொள்ள

கணுக்கால் தட்டையான இடம் கிடையாது. பக்கவாட்டில் எலும்பு முட்டிக்கொண்டு நிற்கும், அதற்குக் கீழே ஒரு பள்ளம், கால் மடங்கினால் முதலில் வீங்குவது பெரும்பாலும் அந்தப் பள்ளம்தான். ஐஸ் டிரேயைத் தட்டி நாலு கட்டியைக் கவரில் போட்டு வைத்தால் கட்டி எலும்பு முனையில் உட்கார்ந்துகொள்ளும், வலிக்கிற பள்ளத்துக்குக் குளிர்ச்சி போகாது, நாமும் இன்னும் அழுத்திப் பிடிப்போம், அது இன்னும் வலிக்கும். மருந்துக் கடையில் விற்கும் ஜெல் பேக் ஏன் வசதியாக இருக்கிறது என்றால், ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் கிடந்தாலும் அது வளையும், மூட்டைச் சுற்றிப் படிந்துகொள்ளும். நாம் வீட்டில் செய்யப்போவதும் அந்த வளைவைத்தான். குளிர்ச்சியை ஃப்ரீசர் பார்த்துக்கொள்ளும். சொல்லப்போனால் அது தேவைக்கு மேலேயே குளிர்ச்சி கொடுத்துவிடும், அதனால்தான் இந்தக் கட்டுரையில் பாதி பையைச் செய்வதற்கும் மீதி அதை உடம்பில் பத்திரமாக வைப்பதற்கும் போகிறது.

இப்போதுதான் ஓட ஆரம்பித்தவர்கள், சாயங்காலம் ஷட்டில் ஆடப் போகிறவர்கள், ஜிம்மில் சேர்ந்து முதல் மாதம் ஓட்டுகிறவர்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். அடிபட்ட பிறகு செய்ய உட்கார்ந்தால் அது உறைவதற்குள் ராத்திரியாகிவிடும், அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பை செய்து ஃப்ரீசரில் போட்டு வையுங்கள்.

ஐஸ் பையோடு முடிகிற அடிதானா?

இதைப் படித்துவிட்டு மேலே போங்கள். லேசான சுளுக்கு, பந்தோ மட்டையோ பட்ட அடி, தசை இழுத்துக்கொண்டது, முழங்கால் லேசாக வீங்கியது, இதற்கெல்லாம் ஐஸ் சரி. எலும்பு முறிவுக்கு ஐஸ் பை மருந்தாகாது. கணுக்காலில் எலும்பு உடைந்திருக்குமா, எக்ஸ்ரே தேவையா என்று பார்க்க மருத்துவர்கள் ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள், 1992-ல் கனடாவின் ஒட்டாவாவில் உருவானது, அதனால் ஒட்டாவா விதிகள் என்றே பெயர். அதன் சாரம் இதுதான்: கணுக்கால் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் நுனியிலோ, அதன் பின் விளிம்பில் 6 சென்டிமீட்டர் உயரம் வரையிலோ விரலால் அழுத்தும்போது எலும்பே வலிக்கிறதா? பாதத்தின் வெளி விளிம்பில் நடுவில் முட்டி நிற்கும் எலும்போ, உள்பக்கம் பாத வளைவுக்கு மேலே இருக்கும் எலும்போ அழுத்தினால் வலிக்கிறதா? நொண்டியாவது நாலு அடி எடுத்து வைக்க முடிகிறதா? எலும்பு வலித்தாலோ நாலு அடி நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரேவுக்குப் போங்கள். கால் கோணலாகத் தெரிந்தாலும், விரல் மரத்துப்போனாலும், வெளுத்தாலும், அடிபட்டபோது ‘டப்’ என்று உள்ளே ஏதோ அறுந்த மாதிரி சத்தம் கேட்டிருந்தாலும் அப்படியே. போகிற வழியில் ஐஸ் வைத்துக்கொள்ளலாம், தப்பில்லை.

இன்னொன்று. சுளுக்கு விழுந்த உடனே எண்ணெய் போட்டு அழுத்தி நீவிவிடும் பழக்கமும் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும் பழக்கமும் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களிடம் மல்லுக்கட்ட வேண்டாம், ஆனால் முதல் இரண்டு நாள் அதைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். உள்ளே சின்ன ரத்தக் குழாய்கள் அறுந்து கசிந்துகொண்டிருக்கும் நேரத்தில் சூடும் அழுத்தமும் கசிவைக் கூட்டத்தான் செய்யும்.

ஏன் வெறும் தண்ணீர் போதாது

தண்ணீர் 0 டிகிரியில் உறையும். வீட்டு ஃப்ரீசர் சுமார் மைனஸ் 18 டிகிரி. ஆக, வெறும் தண்ணீர் முழுசாகக் கல்லாகிவிடும். அதில் உப்போ ஆல்கஹாலோ கலந்தால் உறையும் வெப்பநிலை கீழே இறங்கும், அதுவும் ஒரே அடியாக உறையாது. ஒரு பகுதி தண்ணீர் சின்னச் சின்ன ஐஸ் துகளாகப் பிரியும், மிச்சம் இன்னும் செறிவான கலவையாகத் திரவமாகவே நிற்கும். துகளும் திரவமும் கலந்த அந்தக் கூழ், பாதி உருகிய குல்ஃபி பதத்தில் இருக்கும். அதுதான் நமக்கு வேண்டிய பதம்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஐஸ் கட்டி உருகும்போது அது 0 டிகிரியிலேயே நிற்கும், தோலுக்குப் பெரிய ஆபத்தில்லை. நம் கலவையோ மைனஸ் பத்துக்குப் பக்கத்தில் உருகும். பார்க்கக் கூழாக, மென்மையாக இருப்பதால் ‘ஐஸ் அளவுக்குக் குளிராது’ என்று தோன்றும், உண்மையில் ஐஸைவிட அதுதான் குளிர். வெறும் தோலில் வைத்தால் தோல் உறைந்து கொப்புளம் போடும் அளவுக்குப் போகலாம். இந்த ஒன்றை மறக்காமல் இருந்தால் மற்றதெல்லாம் சுலபம்.

ஸ்பிரிட் பை

மூன்று நாலு வகை செய்யலாம், நான் முதலில் சொல்வது இதை. பதம் நன்றாக வரும், கெட்டுப்போகாது, திரும்பத் திரும்ப உறைய வைக்கலாம்.

தேவை: மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், தண்ணீர், ஒரு லிட்டர் கொள்ளும் ஜிப் லாக் கவர் இரண்டு. கொரோனா நேரத்தில் வாங்கிய கை கழுவும் சானிடைசர் கேன் எங்காவது பரணில் கிடந்தால், அது தண்ணீராக ஓடுகிற வகை என்றால், அதையும் பயன்படுத்தலாம், லேபிளில் 70 முதல் 75 சதவீதம் ஆல்கஹால் என்று போட்டிருக்கும். பெயின்ட் கடை தின்னர், டர்பன்டைன், அடுப்புக்கு ஊற்றும் ஸ்பிரிட், கார் ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் இதெல்லாம் வேண்டவே வேண்டாம். கூலன்டில் உள்ள எத்திலீன் கிளைகால் கொஞ்சம் வாயில் போனாலே சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம், அதுவும் இனிப்பாக இருக்கும் விஷம். குழந்தைகளும் நாயும் பூனையும் இருக்கும் வீட்டில் அதை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவருக்குள் வைப்பது அறிவான காரியம் இல்லை.

1. அடுப்பை அணையுங்கள், விளக்கேற்றி வைத்திருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள், ஜன்னலைத் திறங்கள். ஸ்பிரிட் ஆவி தீப்பிடிக்கும். சமையலறையைவிட பால்கனியில் உட்கார்ந்து செய்வது நல்லது.

2. லேபிளில் 70 சதவீதம் என்று இருந்தால் ஒரு பங்கு ஸ்பிரிட்டுக்கு இரண்டு பங்கு தண்ணீர். 90 சதவீதத்துக்கு மேல் என்றால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு. வீட்டு டம்ளரிலேயே அளக்கலாம், 200 மி.லி. டம்ளர் என்றால் ஒரு டம்ளர் ஸ்பிரிட், இரண்டு டம்ளர் தண்ணீர், மொத்தம் 600 மி.லி., இது ஒரு கணுக்காலுக்கு அளவு. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் இதில் பாதி போதும், கவரும் சின்னதாக எடுங்கள். முழங்காலுக்கு ஒரு லிட்டர் வரை போகலாம், அதற்குப் பெரிய கவர் வேண்டும்.

3. கவரை ஒரு சொம்புக்குள்ளோ அகலமான டம்ளருக்குள்ளோ நிற்க வைத்து, வாயை வெளியே மடித்துவிட்டு ஊற்றுங்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்ப வேண்டாம். நிரம்பி வழியும் பை வளையாது, உருண்டையாக நிற்கும், அப்புறம் இவ்வளவு வேலை செய்ததற்கு அர்த்தமே இல்லை.

4. காற்றை வெளியேற்றுவதுதான் இதில் எல்லோரும் அலட்சியமாக விடுவது. காற்று குளிரைக் கடத்தாது, பைக்குள் ஒரு காற்றுக் குமிழ் இருந்தால் வைக்கும்போது அது மேலே வந்து நிற்கும், பையும் உடம்போடு ஒட்டாமல் துள்ளும். ஜிப்பை ஒரு விரல் அளவு விட்டு மூடி, மேசை விளிம்பில் பையைத் தொங்கவிட்டு மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள், திரவம் வாய்வரை ஏறியதும் மிச்சத்தையும் மூடுங்கள்.

5. இந்தக் கவரைத் தலைகீழாக இரண்டாவது கவருக்குள் போடுங்கள். உள் ஜிப் ஒரு முனையில், வெளி ஜிப் எதிர் முனையில் இருக்கும், ஒன்று கசிந்தாலும் மற்றது தடுக்கும். நம்பிக்கை இல்லையென்றால் ஜிப்பின் மேல் அகல செல்லோடேப் ஒட்டுங்கள்.

6. பர்மனென்ட் மார்க்கரால் கவரின் மேல் ‘ஸ்பிரிட். சாப்பிடக் கூடாது’ என்று பெரிதாக எழுதி, செய்த தேதியையும் போடுங்கள். பார்க்க அழகாக இருக்கும் என்று நீலமோ பச்சையோ கலர் சேர்க்கச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஃப்ரீசரில் கலர் கலராக ஒரு கவர் இருந்தால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது பாக்கெட் ஐஸ், வேறெதுவும் இல்லை.

7. ஃப்ரீசரில் ஒரு தட்டின் மேல் தட்டையாகப் படுக்க வையுங்கள். மடங்கிக் கிடந்து உறைந்தால் மடிப்பில்தான் கவர் கிழியும். ஐந்தாறு மணி நேரம் ஆகும், ராத்திரி வைத்துக் காலையில் பார்ப்பதே நிம்மதி.

காலையில் எடுத்துப் பாருங்கள். கையில் போட்டால் தொங்க வேண்டும், அமுக்கினால் நறநறவென்று உள்ளே இடம் கொடுக்க வேண்டும். கல்லாக இருந்தால் கால் டம்ளர் ஸ்பிரிட் கூட ஊற்றுங்கள். தண்ணீராகவே ஆடிக்கொண்டிருந்தால் கொஞ்சம் தண்ணீர் சேர்த்து மறுபடி வையுங்கள். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் நடக்கும், மேலே இருக்கும் அந்தச் சின்ன ஃப்ரீசர் பெட்டி இரண்டு கதவு ஃப்ரிட்ஜ் அளவுக்குக் குளிராது, அதனால் அவர்கள் ஆரம்பத்திலேயே தண்ணீரைக் கூட்டி, 70 சதவீத ஸ்பிரிட்டுக்கு ஒன்றுக்கு மூன்று என்று கலந்துவிடலாம். இந்த அளவெல்லாம் வேதம் இல்லை, உங்கள் ஃப்ரீசருக்கு எது சரியோ அதுதான் சரி.

ஸ்பிரிட் வேண்டாம் என்பவர்களுக்கு

உப்புத் தண்ணீர் போதும். அரை லிட்டர் தண்ணீரில் 50 கிராம் உப்பு, தூள் உப்பு என்றால் மேசைக்கரண்டியில் தலைதட்டி மூன்று. கல் உப்பு கரண்டியில் அளந்தால் அளவு தவறும், தராசில் போடுங்கள். நன்றாகக் கரைத்து, மேலே சொன்ன மாதிரியே இரட்டைக் கவரில் ஊற்றி உறைய வையுங்கள். மைனஸ் 18 டிகிரியில் இந்தக் கலவையில் ஏறக்குறைய பாதி ஐஸாகவும் பாதி திரவமாகவும் நிற்கும். ஸ்பிரிட் பை அளவுக்கு வழுவழுப்பாக இருக்காது, எடுத்ததும் கையால் இரண்டு நிமிடம் பிசைந்துவிட வேண்டும், அவ்வளவுதான். தீப்பிடிக்கிற பயம் இல்லை, கசிந்தால் துடைத்துவிடலாம். பலர் ஒரு லிட்டருக்கு இரண்டு கரண்டி உப்பு என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள், அந்த அளவுக்குப் பை கிட்டத்தட்ட செங்கல்தான்.

குழந்தை டயப்பர் இருக்கும் வீடா? புது டயப்பர் ஒன்றில் தண்ணீரை மெல்ல ஊற்றினால் உள்ளே இருக்கும் பொடி, சோடியம் பாலிஅக்ரிலேட் என்று பெயர், உறிஞ்சி ஜெல்லாக உப்பிவிடும். அதை ஒட்டி மூடிக் கவரில் போட்டு உறைய வைத்தால் முழங்காலை அப்படியே சுற்றும் வடிவத்தில் ஒரு பை தயார். சானிட்டரி நாப்கினில் இதையே செய்தால் நீளமாக, குறுகலாக வரும், மணிக்கட்டுக்கும் கணுக்காலுக்கும் அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்பு இருந்தால் அந்தப் பொடி பாதிகூட உறிஞ்சாது. கிழிந்து ஜெல் வெளியே வந்தால் குப்பையில் போடுங்கள், சிங்கில் கழுவிவிட்டால் குழாய் அடைக்கும். இந்தப் பை உறைந்ததும் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கும், துண்டில் சுற்றித் தரையில் இரண்டு தட்டு தட்டினால் உள்ளே உடைந்து வளையும்.

கார்ன்ஃப்ளார் கூழ் காய்ச்சி அடைப்பதும் ஒரு வழி. அரை லிட்டர் தண்ணீருக்கு நாலு மேசைக்கரண்டி மாவு, இரண்டு கரண்டி உப்பு, கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்சி நன்றாக ஆறவிட்டு ஊற்ற வேண்டும். முதல் சில தடவை அருமையாக இருக்கும், அப்புறம் உறைந்து உருகி உறைந்து உருகித் தண்ணீர் தனியாகப் பிரிந்துவிடும். வெளியே மறந்துவிட்டால் புளித்து நாறும். செய்வதற்குச் சுவாரசியம், வைத்திருப்பதற்கு வேண்டாம்.

கடுகையோ அரிசியையோ துணிப்பையில் தைத்து ஃப்ரீசரில் வைப்பவர்களும் உண்டு. கைக்குழந்தைக்குக் கடுகுத் தலையணை தைத்த வீட்டில் அது கைவசமே இருக்கும். நனையாது, கசியாது, அழகாகப் படியும். ஆனால் சீக்கிரம் சூடாகிவிடும். காரணம், ஐஸ் ஒரு கிலோ உருகுவதற்கே 334 கிலோஜூல் வெப்பத்தை உடம்பிலிருந்து இழுத்துக்கொள்ளும், குளிர்ச்சி நீடிப்பது அந்த உருகலால்தான்; கடுகில் உருக எதுவும் இல்லை. நெற்றி, தாடை மாதிரி இடத்தில் ஐந்து நிமிடம் வைக்க அது போதும். வீங்கிய கணுக்காலுக்குப் போதாது.

எதுவுமே செய்து வைக்கவில்லை, கால் இப்போதே வீங்குகிறது என்றால்? ஒரு கவரில் இரண்டு கை ஐஸ் கட்டி போட்டு, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். அந்தத் தண்ணீர்தான் முக்கியம். ஃப்ரீசரிலிருந்து நேராக வரும் கட்டி மைனஸில் இருக்கும், தண்ணீர் பட்டதும் 0 டிகிரிக்கு வந்துவிடும், கட்டிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் நிரம்பும். உண்மையைச் சொன்னால், பையை வைத்த இடத்தில் குளிர்ச்சி தருவதில் இது மற்ற எதற்கும் குறைந்ததில்லை, பாதுகாப்பிலும் இதுதான் முதல். திரும்ப வைத்துக்கொள்ள முடியாது, ஒழுகும், அது ஒன்றுதான் குறை. ஃப்ரோசன் பட்டாணி பாக்கெட்டும் நல்ல பைதான், ஆனால் நாலு தடவை காலில் வைத்து உருகி உறைந்த பட்டாணியை அப்புறம் குருமாவில் போடாதீர்கள், பாக்கெட் மேல் ‘கால்’ என்று எழுதிவிடுங்கள்.

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்துகிறவர்களுக்குப் பையே வேண்டாம். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை முக்கால் நிரப்பி உறைய வைத்து, சாக்ஸ் போட்ட காலுக்கு அடியில் பத்து நிமிடம் உருட்டுங்கள்.

உறை தைப்பது

பிளாஸ்டிக் கவரை அப்படியே உடம்பில் வைக்கக் கூடாது, அதற்கு ஒரு உறை வேண்டும். பழைய பருத்தி வேட்டி, நைந்த பனியன், காடாத் துணி, எதுவானாலும் ஒற்றை மடிப்பு. பை நுழைகிற அளவுக்கு மூன்று பக்கம் தைத்து ஒரு பக்கம் திறப்பு விட்டால் தலையணை உறை மாதிரி ஆகிவிடும், தைக்கத் தெரியாதவர்கள் ஒரு கைத்துண்டில் சுற்றிக்கொள்ளலாம். டர்க்கி டவல் வேண்டாம், அதன் தடிமனுக்குக் குளிரே உள்ளே வராது. வைப்பதற்கு முன் உறையைக் குழாய்த் தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்துகொள்ளுங்கள், ஈரத் துணி குளிரைச் சீராகக் கடத்தும், காய்ந்த துணி பாதியைத் தடுத்துவிடும். ஸ்பிரிட் பைக்கும் உப்புத் தண்ணீர்ப் பைக்கும் மட்டும் காய்ந்த மெல்லிய துணி, இல்லையென்றால் ஈரத் துணி இரண்டு மடிப்பு. அவற்றின் குளிருக்கு அந்தத் தடை தேவை.

வைக்கும் முறை

காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, இடுப்பு உயரத்துக்காவது மேலே இருக்கட்டும், பையை வலிக்கிற இடத்தைச் சுற்றிப் படியவிட்டு, ஒரு துண்டாலோ கிரேப் பேண்டேஜாலோ லேசாகச் சுற்றுங்கள். இறுக்க வேண்டாம். ஒரு விரல் உள்ளே நுழைய வேண்டும். பையின் மேல் காலை வைத்து அழுத்திப் படுப்பதும் வேண்டாம், பை காலின் மேல் இருக்க வேண்டுமே தவிர கால் பையின் மேல் இருக்கக் கூடாது.

கணுக்கால், மணிக்கட்டு, விரல் போன்ற சதை குறைந்த இடங்களுக்கு 10 நிமிடம், தொடை மாதிரி சதைப்பற்றுள்ள இடத்துக்கு 15, அதிகபட்சம் 20. போனில் அலாரம் வையுங்கள். முதலில் குளிரும், அப்புறம் எரியும், அப்புறம் ஒரு மாதிரி வலிக்கும், கடைசியில் மரத்துப்போகும். மரத்ததும் எடுத்துவிட வேண்டும், அலாரம் அடித்ததா இல்லையா என்பது அப்போது கணக்கில்லை. நடுவில் ஒரு தடவை துணியைத் தூக்கித் தோலைப் பாருங்கள், சிவந்திருந்தால் சரி, வெளுத்து மெழுகு பூசிய மாதிரி இருந்தாலோ திட்டுத்திட்டாக நிறம் மாறியிருந்தாலோ உடனே எடுங்கள், தேய்க்காமல் தானாகச் சூடேற விடுங்கள். அப்புறமும் நிறம் திரும்பாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த முறைக்கு இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

டிவி பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவதுதான் மிகப் பெரிய ஆபத்து. தூக்கம் வருகிறதென்றால் ஐஸ் வேண்டாம், காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தூங்குங்கள்.

இரண்டு இடங்களில் கூடுதல் கவனம். முழங்காலின் வெளிப்பக்கம், சற்றுக் கீழே, விரலுக்கு ஒரு சின்ன எலும்பு உருண்டை தட்டுப்படும், அதைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. அங்கே அழுத்திக் கட்டிய ஐஸ் நீண்ட நேரம் இருந்தால் பாதத்தைத் தூக்க முடியாமல் போவதுண்டு, நாளாகிச் சரியாகும் என்றாலும் பயமுறுத்திவிடும். முழங்கையின் உள்பக்கம் இடித்தால் ‘ஷாக்’ அடிக்கிற இடமும் அப்படியே. இந்த இரண்டு இடத்தையும் விட்டுப் பையைத் தள்ளி வையுங்கள்.

வலி குறைந்ததும் திரும்ப மைதானத்துக்கு ஓடாதீர்கள். மரத்த கணுக்காலுக்குத் தான் எப்படி இறங்குகிறோம் என்று சரியாகத் தெரியாது.

யார் வைக்கக் கூடாது

இந்தப் பை உங்களுக்காகச் செய்தது, ஆனால் ஃப்ரீசரில் இருந்தால் வீட்டில் எல்லோரும் எடுப்பார்கள். சர்க்கரை நோய் நாள்பட்டு பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும் அம்மாவோ தாத்தாவோ முழங்கால் வலிக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டால், எரிகிறதா மரத்ததா என்று சொல்ல அவர்களுக்கே தெரியாது, தோல் புண்ணான பிறகுதான் தெரியும், அந்தப் புண் ஆறவும் லேசில் ஆறாது. மருத்துவரைக் கேட்காமல் அவர்களுக்கு ஐஸே வேண்டாம். காலில் ரத்த ஓட்டக் குறைவு உள்ளவர்கள், குளிர் பட்டால் விரல் வெளுத்து நீலமாகிறவர்கள், குளிர் பட்டால் தடிப்பு தடிப்பாக வீங்குகிறவர்கள், இவர்களுக்கும் அதேதான். திறந்த காயத்தின் மேலும் வைக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்பிரிட் பையே வேண்டாம், ஐஸும் தண்ணீரும் போட்ட கவர் போதும், நேரமும் பாதி போதும்.

எத்தனை நாள்?

முதல் இரண்டு நாள், அதிகம் போனால் மூன்று. அதற்கு மேல் தேவைப்பட்டால் அது லேசான அடி இல்லை, காட்டிவிடுங்கள்.

ஐஸ் வைத்தால் காயம் சீக்கிரம் ஆறும் என்று நினைத்து வைக்காதீர்கள். ஓய்வு, ஐஸ், கட்டு, தூக்கி வைத்தல் என்ற நான்கையும் சேர்த்து ‘ரைஸ்’ என்று 1978-ல் பெயர் சூட்டியவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர். பல வருடம் கழித்து அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் கருத்தை மாற்றிக்கொண்டார். வீக்கம் என்பது உடம்பு பழுதுபார்க்க ஆளனுப்புவது, அதை முழுக்க அடக்குவது நல்லதா என்ற கேள்வி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, 2019-ல் விளையாட்டு மருத்துவர்கள் மத்தியில் பரவிய புதிய வழிமுறையில் ஐஸுக்கு இடமே இல்லை. அப்படியானால் எதற்கு இவ்வளவு நேரம் பை செய்தோம் என்று கேட்பீர்கள். வலிக்கு. ஐஸ் வலியை நன்றாகக் குறைக்கும், அதனால் தூக்கம் வரும், மாத்திரை குறையும், மறுநாள் கணுக்காலை மெல்ல அசைத்துப் பார்க்கத் தைரியம் வரும். வலியே பெரிதாக இல்லை, வீக்கம் மட்டும்தான் என்றால் நான் ஐஸை விட்டுவிட்டு, காலைத் தூக்கி வைத்துக் கட்டுப் போட்டுக்கொள்ளச் சொல்வேன். ஜிம் போன மறுநாள் உடம்பெல்லாம் வலிப்பதற்கும் ஐஸ் தேவையில்லை, அது அடி இல்லை, நடந்தால் சரியாகும். முதுகு பிடித்துக்கொண்டவர்களுக்கும் பெரும்பாலும் வெந்நீர் ஒத்தடம்தான் இதமாக இருக்கும்.

பையைப் பராமரிப்பது

ஸ்பிரிட் பையை ஒருபோதும் சூடு பண்ணாதீர்கள். கடை ஜெல் பேக்கில் சில வகைகளைச் சுடுதண்ணீரில் போட்டு வெந்நீர் ஒத்தடத்துக்கும் பயன்படுத்துவார்கள், அந்தப் பழக்கத்தில் இதை மைக்ரோவேவில் வைத்துவிட்டால் விபரீதம்.

உருகிய பையைத் துடைத்து மறுபடி ஃப்ரீசரில் தட்டையாக வையுங்கள், மீனுக்கும் இறைச்சிக்கும் தள்ளி, ஒரு டப்பாவுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. கரண்ட் போய் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை, உருகி மறுபடி உறையும். மைதானத்துக்கு எடுத்துப் போவதென்றால் நாலைந்து தாள் செய்தித்தாளில் சுற்றி டிஃபன் பைக்குள் வையுங்கள். அங்கே போய் வெறும் பையாக எடுக்காமல் உறையையும் மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கவர்தான் முதலில் போகும், உள்ளே இருப்பது அல்ல. ஃப்ரீசரைத் திறந்தால் ஆஸ்பத்திரி வாடை அடித்தாலோ, வெளிக் கவருக்குள் ஈரம் தெரிந்தாலோ உள் கவர் விட்டுவிட்டது என்று அர்த்தம். அடுப்பில்லாத இடத்துக்கு எடுத்துப்போய் கலவையைப் புதுக் கவருக்கு மாற்றுங்கள். வேண்டாம் என்றால் பாத்ரூம் வடிகாலில் ஊற்றி நிறையத் தண்ணீர் விடுங்கள், செடிக்கு ஊற்றாதீர்கள். உப்புத் தண்ணீரும் செடிக்கு ஆகாது.